குளக்கரையில் ஆளில்லாதோர்

திருக்குறளின் பொருட்பாலில் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கல்வி 40-ஆவது, கல்லாமை 41-ஆவது, கேள்வி 42-ஆவது. இவ்வரிசையில் ஏழைக்கு ஓர் ஆறுதல் உண்டு. கற்கும் வாய்ப்பை இழந்தவன் அறிவினின்று முற்றும் விலக்கப்பட்டவன் அல்லன். கற்றவர் சொல்லைக் கேட்டேனும் அவன் வாழ்வில் ஊன்றி நிற்கலாம் என்பது வள்ளுவரின் கருத்து. ஏடும் எழுத்தாணியும் எட்டாத உழவனும் கூலியாளும் தலைமுறை தலைமுறையாகத் தம் அறிவைப் பெற்றது செவி வழியேதான். தாலாட்டிலும், களத்துமேட்டுப் பேச்சிலும், மந்தையில் கூடும் பெரியவர்களின் வாயிலிருந்தும், ஆலயத்து மறையுரையிலிருந்தும் அவர்கள் கற்றனர். ஏழைக்குக் கட்டணமின்றித் திறந்திருந்த பள்ளிக்கூடம் கேள்வியே.

அப்பள்ளியின் கதவும் அடைபட்ட நிலையில் பிறக்கும் குழந்தையை எண்ணிப் பார்ப்போம். தாயின் குரல் அதற்கு எட்டுவதில்லை. கேளாத மொழியை அது பேசவும் கற்பதில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் செவித்திறன் குறைந்தோராகப் பதிவு செய்யப்பட்டனர். உலகெங்கும் 43 கோடி மக்களுக்குச் செவித்திறன் குறைவிற்கான மறுவாழ்வு உதவி தேவைப்படுகிறது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இவர்களுள் ஐந்தில் நால்வர் வாழ்வது வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில்.

தமிழகத்தில் இக்குழந்தைகளுக்கான உயர்ந்த மருத்துவம் ஏழைகளுக்கு இலவசமாகவே வழங்கப்படுகிறது. அவ்வாறிருந்தும், அதனால் பயன்பெறத் தக்க எல்லாக் குழந்தைகளும் பயன்பெறுவதில்லை. ஒரு நன்மை அனைவருக்கும் விலையின்றித் திறந்து வைக்கப்பட்ட பின்பும், சிலரே அதைச் சென்றடைய முடிகிறதென்றால், அங்கே நீதி நிறைவேறிவிட்டதா? எஞ்சியுள்ள கடன் யாருடையது? தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் கண்முன் நிறுத்தி நாம் சிந்திக்க விழைவது இவ்வினாவையே.

கொடுக்கப்பட்டது என்ன?

முதலில், கொடுக்கப்பட்டிருப்பதை நன்றியோடு எண்ணிப் பார்ப்பது முறை. நம் உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறத்தாழப் பதினையாயிரம் நுண்ணிய மயிரிழைச் செல்கள் அமைந்துள்ளன. காற்றில் வரும் அதிர்வை நரம்பு அறியும் குறிப்பாக மாற்றுவன இவையே. பிறவியிலேயே இவை பழுதுபட்டிருந்தாலும், மூளைக்காய்ச்சலாலோ சில கடுமையான மருந்துகளாலோ பின்னர் அழிந்தாலும், மீண்டும் முளைப்பதில்லை. நம் மக்கள் 'காது மெஷின்' என்று அழைக்கும் செவிக்கருவி ஒலியைப் பெரிதாக்கித் தருமேயன்றி, செல்களே அழிந்த காதுக்கு அதனால் பெரிதும் பயனில்லை.

இத்தகையோருக்காக உருவானது 'காக்ளியர் இம்ப்ளான்ட்' என்னும் உள்வைப்புக் கருவி. 1957-இல் பாரிசில் ஆந்த்ரே ஜூர்னோ, ஷார்ல் எய்ரியே என்னும் இருவர், செவி நரம்பை மின்சாரத்தால் நேரே தூண்டிக் காட்டினர். காதுகேளாத மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகனாகிய கிரேயம் கிளார்க், 1978-இல் மெல்போர்னில் பல மின்முனைகளைக் கொண்ட கருவியை ஒரு மனிதருக்குப் பொருத்தினார். காதின் பின்புறம் மாட்டும் ஒலிச்செயலி ஓசையைப் பெற்று மின்குறிப்பாக்குகிறது. காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் சிறு வட்டு அதைத் தோலுக்கு உள்ளே இருக்கும் பகுதிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து நத்தைச் சுருளுக்குள் செருகப்பட்ட மின்முனைகள் நரம்பைத் தூண்டுகின்றன.

இக்கருவியின் விலை ஏழைகளின் கனவுக்கும் எட்டாதது. 2014-இல் நடுவண் அரசு தன் உதவித் திட்டத்தில் இதனைச் சேர்த்தபோது, குழந்தை ஒன்றுக்கு 6 இலட்சம் ரூபாய் வரை செலவிட ஒப்புக்கொண்டது. தமிழகத்தில் 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், ஆறு வயதுக்கு உட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு இவ்வறுவை மருத்துவம் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே உரியதாயிருந்த ஒன்று, கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் உரியதாயிற்று. இது சிறிய செயலன்று. ஆட்சிகள் மாறியும் இது தொடர்வது நம் மாநிலத்திற்குப் பெருமை.

காலம் என்னும் செல்வம்

ஆனால் இக்கருவி, கண்புரையை நீக்கியவுடன் காட்சி தெரிவது போல, பொருத்திய அன்றே பயன் தருவதன்று. குழந்தையின் மூளை ஒலியைப் பொருளாக அறியக் கற்பது வாழ்வின் தொடக்க ஆண்டுகளில். அக்காலத்தில் ஒலியே எட்டாவிடில், செவிக்குரிய மூளைப் பகுதி பிற புலன்களின் பணிக்குத் திரும்பிவிடும். பின்னர் ஒலி வந்தாலும் அதை மொழியாக ஏற்பது அரிது. ஆகவேதான், பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிச்சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் உதவி என்று மருத்துவ உலகம் நெறி வகுத்துள்ளது. அந்த முதற்சோதனை கடினமானதன்று. உறங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம், நோவும் இல்லை.

தமிழகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட மகப்பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. ஆகவே, இச்சோதனைக்கு எட்டாத குழந்தை என்று ஒன்று இருக்கவே தேவையில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டமும், பிறவிக் காதுகேளாமையைத் தான் கண்டறிய வேண்டிய முப்பது குறைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு செல்லவேண்டும் என்றும் வகுத்துள்ளது.

எனினும் இக்குறை கண்ணுக்குத் தெரியாதது. கேளாக் குழந்தையும் தொடக்க மாதங்களில் மழலை ஒலிகளை எழுப்பும். தாயின் முகம் பார்த்துச் சிரிக்கும். கதவு அறைந்தால் தரையின் அதிர்வை உணர்ந்து திரும்பும். ஐயம் எழுந்தாலும் ஆறுதல் சொல்ல வீட்டில் ஆளுண்டு. "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்பர். "இவன் தாய்மாமனும் நாலு வயசுலதான் வாய் திறந்தான்" என்பர். பேச்சு வரவேண்டும் என்று நேர்ந்துகொள்வர். நேர்த்திக்கடனில் உள்ள நம்பிக்கையை நாம் மதிக்கிறோம். ஆனால் நேர்ச்சை நிறைவேறும் நாளை நோக்கிக் காத்திருக்கும் காலத்தில், குழந்தையின் மூளை காத்திருப்பதில்லை.

ஒரே வாரத்தில், ஒரே மருத்துவமனையில் பிறந்த இரு குழந்தைகளைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒன்று தேனி நகரில் ஆசிரியர் குடும்பத்துப் பிள்ளை. மற்றொன்று கோம்பைக்கு அருகில் மலையடிவாரத்தில் வாழும் கூலிக் குடும்பத்துப் பிள்ளை. முதற்குழந்தையின் தாய்க்கு மகப்பேற்று விடுப்பு உண்டு. எட்டாம் மாதத்தில் அடுப்படியில் பாத்திரம் விழுந்தபோது குழந்தை திரும்பவில்லை என்று பாட்டி சொல்கிறார். அடுத்த வாரமே மதுரையில் சோதனை நடக்கிறது; ஒன்றரை வயதில் அறுவை மருத்துவம் முடிகிறது. இரண்டாம் குழந்தையின் தாயோ ஐந்தாம் மாதத்திலேயே ஏலத்தோட்ட வேலைக்குத் திரும்ப வேண்டியவர். விடியுமுன் ஜீப் புறப்படும். அந்தி சாய்ந்தே திரும்பும். விழித்திருக்கும் பிள்ளையை அவர் பார்க்கும் நேரம் மிகச் சொற்பம். பிள்ளை பேசவில்லை என்பதை ஊர் பேசத் தொடங்குகையில் மூன்று வயதாகிவிடுகிறது. அங்கன்வாடிப் பணியாளர் சொல்லி மருத்துவமனைக்குப் போகையில் நான்கு. சான்றிதழ்களும் சோதனைகளும் முடிகையில் ஐந்தரை.

இருவருக்கும் அமைந்தது ஒரே வகைக் கருவி. இருவரையும் கவனித்தவர் ஒரே திறமையுள்ள மருத்துவர் என்றே வைத்துக்கொள்வோம். முதற்பிள்ளை பள்ளியில் பாடம் சொல்கிறது. இரண்டாம் பிள்ளைக்குச் சில சொற்களே வசப்படுகின்றன. அலுவலகக் கணக்கேட்டில் இருவரும் பயனாளிகள்தாம். வேறுபாடு கருவியில் இல்லை; கருவிக்கு முன்னே கழிந்த காலத்தில் இருக்கிறது. பணமுள்ளவனுக்குக் காலமும் ஒரு செல்வமாக வாய்க்கிறது. கூலியாளனின் காலமோ ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது.

கடைமடைக்கு வராத நீர்

அறுவை மருத்துவத்திற்குப் பின்னரும் காலத்தின் தேவை முடிவதில்லை. மூன்று, நான்கு வாரம் கழித்தே கருவியை இயக்குவர். அன்றுமுதல்தான் குழந்தையின் செவிக்கு வயது கணக்கிடப்படுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் கேட்கும் வயது அன்று பூச்சியமே. தொடக்கத்தில் கேட்பது சொல்லன்று. இன்னதென விளங்காத இரைச்சல். கருவியின் அளவுகளை மீண்டும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். குறைந்தது ஓராண்டேனும் வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியைத் தாயும் உடனிருந்து கற்று, வீட்டில் நாள் முழுதும் தொடர வேண்டும். சமைக்கையிலும் குளிப்பாட்டுகையிலும் ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சென்னையில் 1969-இல் தொடங்கப்பெற்று இலவசமாக நடைபெறும் பால வித்யாலயா, தாயும் வகுப்பில் அமர்ந்து கற்பதைத் தன் முறையின் அடிப்படையாகவே கொண்டுள்ளது. வெறும் கருவியால் மொழி வராது என்பதை அந்தப் பள்ளியின் நெடிய அனுபவம் நமக்குச் சொல்கிறது.

இப்போது நம் பள்ளத்தாக்கை நோக்குவோம். கம்பத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் மேல். 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் இரயில் வந்தது. ஆனால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் மக்களுக்குப் பேருந்தே கதி. மேகமலைத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் பதினெட்டு வளைவுகளைக் கடந்து சின்னமனூருக்கு இறங்கிய பிறகே பயணம் தொடங்குகிறது. வாரம் ஒருநாள் பயிற்சி என்றால் வாரம் ஒருநாள் கூலி இல்லை. பேருந்துக் கட்டணமும் வழிச்சோறும் வேறு. ஏலக்காய் எடுக்கும் மாதங்களில், வேலைக்கு ஒழுங்காக வராதவரைக் கங்காணி அடுத்த வாரம் ஜீப்பில் ஏற்றத் தயங்குவார். வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வியும் உண்டு. இப்படித்தான் பயிற்சி மாதம் இருமுறையாகக் குறைகிறது, பின்னர் ஒருமுறை, பின்னர் நின்றேபோகிறது.

எல்லைப்புறத்திற்கே உரிய துன்பம் ஒன்றும் உண்டு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே இடுக்கி மாவட்டத்திற்கு வேலைக்குச் செல்வோருள் பலர், ஆண்டில் பல மாதங்கள் எஸ்டேட் லயங்களிலேயே தங்கிவிடுகின்றனர். கேரள அரசும் 2012 முதல் 'சுருதிதரங்கம்' என்னும் திட்டத்தில் குழந்தைகளுக்கு இதே மருத்துவத்தை இலவசமாகச் செய்துவருகிறது. இரு மாநிலங்களும் நல்லன செய்கின்றன. ஆனால் குடும்ப அட்டை மலைக்குக் கீழேயும் பிள்ளை மலைக்கு மேலேயும் இருக்கும்போது, அங்கன்வாடிக் கணக்கில் அப்பிள்ளை எங்கும் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து வேறொரு சோதனை வருகிறது. உள்ளே வைத்தது நெடுங்காலம் இருக்கும். வெளியே மாட்டுவது தேயும். கம்பி அறும், வட்டு கெடும், மின்கலம் தீரும், வியர்வையும் மலைமழையின் ஈரமும் ஒலிச்செயலியைப் பழுதாக்கும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஒரு கம்பிக்கே ஆயிரக்கணக்கில் செலவாகும். புதிய ஒலிச்செயலிக்கு இலட்சக்கணக்கில். கேட்கப் பழகிய பிள்ளை, பழுது பார்க்கப் பணமின்றி மீண்டும் ஒலியற்ற உலகிற்குத் திரும்புவது, பிறவியிலேயே கேளாதிருப்பதைவிடக் கொடிது என்று கருத இடமுண்டு.

இதை நம் மண்ணின் மக்களுக்கு விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் வாழும் பூமி இது. அணை நிறைந்திருப்பதனால் மட்டும் வயல் விளைவதில்லை. மதகு திறக்க வேண்டும். வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும். தலைமடைக்காரர் தம் பங்கோடு நிறுத்த வேண்டும். இல்லையேல் அணையில் நீர் உண்டு என்பது செய்தியாக மட்டுமே கடைமடையை எட்டும்.

நீதியா, இரக்கமா?

"அரசு இவ்வளவு கொடுத்த பிறகும் வந்து பெறாதது அவர்கள் குறையல்லவா?" என்று கேட்போர் உண்டு. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடலாகாது. தன் பிள்ளைக்காக முயல்வது பெற்றோரின் முதற்கடமைதான். ஆனால் முயற்சி ஒன்றாயிருக்க, ஒருவர் பத்தடி நடந்தும் மற்றொருவர் பத்து மைல் நடந்தும் அதே வாசலை அடைய வேண்டியிருந்தால், வாசல் இருவருக்கும் திறந்திருக்கிறது என்பது பாதி உண்மையே.

நீதி என்பது ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கு உரியதை நல்கும் உறுதியான மனம் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வரையறுத்தார். பொதுவில் உள்ளதைப் பகிர்கையில் எல்லாருக்கும் ஒரே அளவைத் தருவதே நீதியாகிவிடாது; ஆளின் நிலைமைக்கு ஏற்ற விகிதமே நீதி என்று அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அவர் விளக்கினார். நம் காலத்தில் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இதே வினாவை வேறொரு வழியில் எழுப்பினார். எதில் சமத்துவம் வேண்டும் என்னும் தலைப்பில் 1979-இல் அவர் ஆற்றிய உரையில், உடற்குறை உள்ளவரின் நிலையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஒரே அளவு பொருளைப் பெற்றாலும், அதைக்கொண்டு இன்னதைச் செய்ய முடியும் என்னும் ஆற்றல் எல்லாருக்கும் ஒன்றாயிருப்பதில்லை. ஆகவே கொடுத்த பொருளை மட்டும் கணக்கிடாமல், பெற்றவரால் என்ன செய்ய முடிகிறது என்பதைக் கணக்கிட வேண்டும் என்றார். நம் பொருளுக்கு இது மிகப் பொருந்தும். நாம் எண்ண வேண்டியது பொருத்திய கருவிகளை மட்டுமன்று, பேசக் கற்ற பிள்ளைகளையும்.

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் இதையே ஒரு குளக்கரையில் வைத்துக் காட்டுகிறது. எருசலேமில் பெத்சதா என்னும் குளம். அதைச் சூழ்ந்த மண்டபங்களில் நோயுற்றோர் பலர். தண்ணீர் கலங்கும் வேளையில் முதலில் இறங்குபவர் நலம் பெறுவார் என்பது அவர்களது நம்பிக்கை. குளத்திற்குக் கட்டணம் இல்லை, காவலும் இல்லை. ஆயினும் முப்பத்தெட்டு ஆண்டுகளாக ஒருவர் அங்கேயே கிடந்தார். நலம்பெற விருப்பமா என்று ஆண்டவர் கேட்டபோது, அவர் தம் நோயைப் பற்றி முறையிடவில்லை. தம்மை இறக்கிவிட ஆளில்லை என்பதையும், தாம் போவதற்குள் வேறொருவர் முந்திக்கொள்வதையுமே சொன்னார். திறந்த குளத்திற்கும் திறன் இழந்த மனிதனுக்கும் இடையே இருந்த இடைவெளியை அவர் ஒரே விடையில் சொல்லிவிட்டார். இயேசு அவரைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

அந்த இடைவெளியை நிரப்புவது இரக்கச் செயல் என்று கருதுவோர் உண்டு. இரக்கம் உயர்ந்ததே. ஆனால் நீதியின்படி ஏற்கெனவே உரியதை அன்பின் கொடை போல வழங்கலாகாது என்று, பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ஏடு எச்சரித்தது. நம் நாட்டுச் சட்டமும் இதற்கு இசைவாகவே பேசுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதன் 25-ஆம் பிரிவில், வருமான வரம்புக்கு உட்பட்டோர்க்கு இலவச மருத்துவ உதவி அவர்கள் வாழுமிடத்திற்கு அருகிலேயே, சிறப்பாக ஊர்ப்புறங்களில், கிடைக்கச் செய்யப் பணிக்கிறது. அருகில் என்பதைச் சட்டமே உரிமையின் பகுதியாக்கியிருக்கிறது. ஆகவே கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ உள்ள அரசு மருத்துவமனையில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் சில நாட்களேனும் இருக்க வேண்டும் என்று கேட்பது யாசகமன்று.

பணம் எல்லையுள்ளது, சிறுநீரக நோயாளியும் புற்றுநோயாளியும் காத்திருக்கிறார்கள் என்னும் மறுப்பும் நேர்மையானதே. ஆனால் ஆறு இலட்சம் செலவிட்டுப் பொருத்திய கருவி, பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் இல்லாததால் பயனற்றுப்போவது சிக்கனம் ஆகாது. பெருஞ்செலவைச் செய்துவிட்டுச் சிறுசெலவில் கை மடக்குவது, வீட்டைக் கட்டிவிட்டுப் படி வைக்காமல் விடுவதற்கு ஒப்பாகும்.

கருவி எட்டாதோரின் உரிமை

இன்னொரு பக்கத்தையும் நாம் காண வேண்டும். ஆறு வயதைக் கடந்தோர், நரம்பே வளராதோர், கருவி பொருத்தியும் பேச்சு வராதோர் நம் ஊர்களில் பலர். அவர்களைப் பழுதுபார்க்கத் தவறிய பொருட்களாகக் கருதினால், நாம் வேறொரு அநீதி செய்தவர்களாவோம்.

திருச்சபை வரலாற்றிலேயே இதற்குப் பாடங்கள் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவி பேத்ரோ போன்ஸ் தெ லெயோன், காதுகேளாதோரும் கற்க இயலும் என்று நிறுவினார். ஆனால் அவரிடம் கற்றோருள் பேர்பெற்றவர்கள் வெலாஸ்கோ என்னும் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்த பிறகே, 1760-ஐ ஒட்டிப் பாரிசில் ஷார்ல் மிஷேல் தெ லெப்பே என்னும் குரு, ஏழைக் கேளாப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பள்ளி திறந்தார். அறிவு கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கும், அது ஏழையின் வாசலை எட்டிய நாளுக்கும் இடையே இரு நூற்றாண்டுகள் கடந்தன. லெப்பே தம் மாணவரின் சைகைகளைத் தாமே கற்றுக்கொண்டு, அவற்றின் வழியாகவே கற்பித்தார்.

பின்னர் 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்மொழிப் பயிற்சியே சிறந்தது என்று கூறிச் சைகை மொழியைப் பள்ளிகளினின்று விலக்கத் தீர்மானித்தது. தீர்மானித்தோருள் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். அம்முடிவால் பல தலைமுறைகள் எம்மொழியும் முழுமையாக வாய்க்காமல் வளர்ந்தன. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அத்தீர்மானங்களை மறுத்து வருத்தம் தெரிவித்தது. கருவியின் வெற்றியில் மயங்கி நாமும் இத்தவற்றை மீண்டும் செய்துவிடலாகாது. ஒரு பிள்ளைக்கு முதலில் உரியது மொழி. அது செவி வழி வந்தாலும், கைவழி வந்தாலும் மொழியே. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி முதல், தமிழகத்துக் கேளாதோர் பள்ளிகள் எத்தனையோ பேரை மதிப்போடு வாழச் செய்துள்ளன. கருவி பெற்ற பிள்ளையும் இரவில் அதைக் கழற்றி வைத்தால் கேளாப் பிள்ளையே. அதற்கும் சைகை மொழி உதவும்.

நம் பங்குகளில் ஆகக்கூடியவை

அரசின் கடனை அரசிடம் கேட்க வேண்டும். அதே வேளையில் நம் கைக்கு எட்டியவை எவை என்றும் காண்போம்.

முதலாவது, திருமுழுக்கு. குழந்தையின் காதுகளையும் வாயையும் தொட்டு, அவை திறக்கப்பட வேண்டும் என்று குரு மன்றாடும் 'எப்பத்தா' சடங்கு நம் வழிபாட்டில் உண்டு. மாற்கு நற்செய்தியில் காதுகேளாத, திக்கிப் பேசும் மனிதருக்கு ஆண்டவர் செய்ததன் நினைவு அது. அந்த மனிதர் தாமாக வரவில்லை. சிலர் அவரைக் கொண்டுவந்தனர் என்பதை நற்செய்தி குறிக்கத் தவறவில்லை. பிறந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ குழந்தை ஆலயத்திற்கு வருகிறது. செவிச்சோதனைக்கு மிக ஏற்ற காலமும் அதுவே. திருமுழுக்குக்குப் பெயர் பதியும்போது, செவிச்சோதனை ஆயிற்றா என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்பதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. ஆகவில்லையெனில், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுமாறு வழிகாட்டலாம். செவியைத் தொட்டு மன்றாடும் நாமே, அச்செவி கேட்கிறதா என்று கேட்டறிவது பொருத்தமல்லவா?

இரண்டாவது, திருமணத் தயாரிப்பு. திருச்சபைச் சட்டத்தின் 1091-ஆம் எண், பக்கவழி இரத்த உறவில் நான்காம் படிவரை திருமணத்தைத் தடுக்கிறது. அத்தை மகளும் மாமன் மகளும் நான்காம் படி. அக்காள் மகள் மூன்றாம் படி. நம் பகுதியில் விலக்குக் கேட்டு வரும் மனுக்கள் குறைவல்ல. பிறவிக் காதுகேளாமையின் மரபுவழி வகைகளுள் பெரும்பாலானவை, நன்கு கேட்கும் பெற்றோர் இருவரும் அறியாமலே சுமக்கும் ஒரே குறைபாட்டால் வருபவை. நெருங்கிய உறவில் இவ்விருவர் சந்திக்கும் வாய்ப்பு மிகுதி. இதை மணமக்களுக்கு அமைதியாக எடுத்துச் சொல்வது கடமை. அதே சமயம், ஏற்கெனவே இத்தகைய பிள்ளையைப் பெற்ற தாயை நோக்கி யாரும் விரல் நீட்டலாகாது. பிறவிக் குருடரைக் கண்டு யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அக்கேள்வியையே ஆண்டவர் ஏற்கவில்லை. கருவுற்ற தாயைத் தாக்கும் ரூபெல்லா நோய் போன்ற காரணங்களும் உண்டு. அதற்கெதிரான தடுப்பூசி இயக்கம் 2017-இல் தமிழகத்தில் நடந்தது. தடுப்பூசி பற்றிய வீண் அச்சங்களைக் களைவதும் செவிகளைக் காக்கும் பணியே.

மூன்றாவது, உடன் செல்லுதல். வீடு வீடாகச் செல்லும் மரியாயின் சேனையார், ஒன்றரை வயதாகியும் பேசாத பிள்ளையைக் கண்டால், ஆறுதல் சொல்வதோடு நில்லாமல் சோதனைக்கு அழைத்துச் செல்லலாம். வருமானச் சான்றுக்கும் காப்பீட்டு அட்டைக்கும் அலைவதில் படித்த இளைஞர் ஒருவர் துணை நின்றால் மாதங்கள் மிச்சமாகும். பயிற்சிக்குப் போகும் நாளின் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் வின்சென்ட் தே பவுல் சபையோ ஓர் அன்பியமோ ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ளலாம். திருவிழா வாணவேடிக்கைக்குச் செலவாகும் தொகையில் ஒரு பகுதி, ஒரு பிள்ளையின் ஓராண்டுப் பயிற்சிக்குப் போதும். தாய் மதுரைக்குச் சென்ற நாளில் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறிடும் அண்டை வீட்டாரும் இப்பணியில் பங்காளரே. உதவி பெறுவோர் இந்துவா, இசுலாமியரா, கிறித்தவரா என்ற கேள்வி இதில் எழலாகாது.

நான்காவது, கேட்டுப் பெறுதல். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில், மகப்பேறு நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் செவிச்சோதனை வேண்டும், பள்ளத்தாக்கிலேயே பயிற்சி வேண்டும், பழுதுபார்க்கும் செலவும் காப்பீட்டில் சேர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர நம் மக்கள் முன்வரட்டும். வளர்ந்துவிட்ட கேளாதோர்க்காகத் திருப்பலியில் சைகை மொழியை அறிந்த ஒருவர் பீடத்தருகே நிற்கவும் நாம் ஏற்பாடு செய்யலாம்.

இவை யாவும் செய்தாலும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோலப் பேசிவிடுவர் என்று உறுதி கூற இயலாது. இயற்கை தரும் வேறுபாட்டை முற்றும் நீக்க மனிதரால் ஆகாது. ஆனால் தந்தையின் தொழிலாலும், ஊரின் தொலைவாலும், தாயின் ஒருநாள் கூலியாலும் ஒரு பிள்ளையின் மொழி தீர்மானிக்கப்படுவது இயற்கையின் செயலன்று. அது நம் ஏற்பாடுகளின் விளைவு. மனிதர் ஏற்படுத்தியதை மனிதர் மாற்ற முடியும். தம்மை இறக்கிவிட ஆளில்லை என்று அந்த மனிதர் சொன்னது ஆண்டவரிடம். அது கேட்கும் காதுள்ள நம் எல்லாருக்குமாகவே எழுதி வைக்கப்பட்டுள்ளது. இந்த ஆண்டு நம் பங்கில் திருமுழுக்குப் பெறும் பிள்ளைகளிடமிருந்தே அதற்கான விடையை நாம் தொடங்கலாம்.